கருடன் கடிகாரத்துக்குப் பறவை செய்த கதை

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில், தென்திருப்பேரை மாமா வீட்டுப் பட்டாசாலையில் (உள்கூடத்தில்) கடிகாரம் ஆறு அடித்தது. விரல் மடக்கி எண்ணினேன், ஆறேதான். முந்தின வாரம் முழுக்க ஆறு மணிக்கு ஏழும் ஏழு மணிக்கு எட்டும் அடித்துக்கொண்டிருந்த கடிகாரம் அது. இருபது மாத வேலை அன்றைக்கு ஒருவழியாக முடிந்தது. எதைக் கெடுத்தேன், எப்படித் திருத்தினேன் என்பது மறந்துபோகும் முன்னால் எழுதி வைத்துவிடுகிறேன். எந்திரத்தைப் பற்றி இதில் கொஞ்சம்தான் வரும். என்னைப் பாடாய்ப் படுத்தியதும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் மரப்பெட்டியும் அதன்மேல் இருந்த அலங்காரமும்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை உடைத்துத் திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை எல்லாம் தண்ணீருக்குள் போயின. மாமா வீட்டில் நாலடித் தண்ணீர். கடிகாரம் ஏழடி உயரத்தில் மாட்டியிருந்தது, தண்ணீர் அதை எட்டவில்லை. ஆனால் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஊறி, ராத்திரியில் ஆணியோடு பெயர்ந்து கீழே விழுந்துவிட்டது. மாமாவும் அத்தையும் மச்சில் இருந்தார்கள். மூன்றாம் நாள் சகதிக்குள்ளிருந்துதான் அதை எடுத்தார்கள். கண்ணாடி தூள். மேலே ஒட்டியிருந்த அக்ரூட் மரப் பலகைத்தோல், பொரித்த அப்பளம் மாதிரி குமிழ் குமிழாக எழும்பியிருந்தது. முகப்புத் தாள் கரைந்துவிட்டது. நாலு மூலைக்கும் அலங்காரமாகக் கடைந்த நாலு மரக்குமிழ் உண்டு. அதில் ஒன்றுதான் கிடைத்தது.

கொழும்பில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்த கொள்ளுத்தாத்தா, ஊர் திரும்பும்போது தூத்துக்குடிக்குக் கப்பலில் கொண்டுவந்த கடிகாரம் இது. தெருவில் எல்லோருக்கும் இது ‘கருடன் கடிகாரம்’. ஆனால் நான் பிறந்தது முதல் அதன் தலையில் கருடனும் இல்லை, காக்காயும் இல்லை. உச்சிப் பலகையின் நடுவில் வெறும் துளை மட்டும் இருக்கும். “எனக்குப் பத்து வயசு இருக்கும்போது வெள்ளையடிக்க வந்தவன் கைபட்டு விழுந்திச்சு. ரெக்கை ஒடிஞ்சு போச்சு. எங்க அம்மா எங்கியோ எடுத்து வச்சா, பொறவு காணல” என்றார் மாமா. அவருக்கு இப்போது 75. “சரி பண்ணுததா இருந்தா கருடனையும் சேத்துப் பண்ணிரு மருமவனே” என்று சொல்லித்தான் சாக்கில் கட்டிக் கொடுத்தார். பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எந்திரத்தை நான் தொடவில்லை. வில்சுருள் இரண்டும் முழு இறுக்கத்தில் சகதி பிடித்து நின்றிருந்தன. தெரியாமல் பிரித்தால் விரலைப் பதம் பார்த்துவிடும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஐம்பது வருஷமாகக் கடிகாரம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். அவர் பின் தகட்டைத் துடைத்துவிட்டு முதலில் காட்டியது ஒரு முத்திரை: எட்டு முனை நட்சத்திரம், நடுவில் ‘ஜே’ எழுத்து. ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் ஷ்ராம்பெர்க் ஊரில் 1861-ல் தொடங்கிய யுங்ஹான்ஸ் கம்பெனியின் குறி. எட்டு முனை நட்சத்திரத்தை அவர்கள் பதிவு செய்தது 1890-ல். ஆகவே கடிகாரம் அதற்குப் பிந்தியது. கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் இது ஒத்துவந்தது.

பெட்டிக்கு வருகிறேன். உயரம் 88 சென்டிமீட்டர், அகலம் 33. உள்மரம் பைன், மேலே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அக்ரூட் தோல். முதல் வேலை, நல்ல தண்ணீரில் பஞ்சு நனைத்துச் சகதியை எடுப்பது. அடுத்தது காய வைப்பது. இங்கேயே ஒரு பிசகு. கதவுச் சட்டத்தை மட்டும் ஒரு மத்தியானம் மாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு மூலை 4 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைத் திரும்பப் படிய வைக்க ஒரு மாதம் ஆனது. ஈரத்துணி சுற்றி, தட்டையான பலகையில் நாலு பக்கமும் கவ்வி போட்டு, வாரம் ஒரு மில்லிமீட்டராக இறுக்கினேன். மீதிப் பெட்டியை நிழலில், கட்டிலுக்கடியில், செங்கல் பாரம் வைத்து இரண்டு மாதம் காய விட்டேன்.

ஒட்டுவதற்கு வச்சிரம், மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பழைய தச்சுப் பசை. ஹார்டுவேர் கடைகளில் வில்லையாக இன்னும் கிடைக்கிறது. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் இன்னொரு கிண்ணத்தில் சூடாக்க வேண்டும். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும்; கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். நாற்றம் பொறுக்க முடியாது, வீட்டில் பேச்சு வாங்கினேன். ஆனாலும் வெள்ளைப் பசையை நான் இதில் தொடவில்லை. நாளைக்கு வேறொருவர் பிரிக்க வேண்டி வந்தால் வச்சிரம் வெந்நீருக்கு இளகிக் கொடுக்கும், வெள்ளைப் பசை கொடுக்காது. எழும்பிய குமிழ்களைப் பிளேடால் நாரின் போக்கிலேயே கீறி, ஊசி போட்டு வச்சிரம் செலுத்தி, மேலே மெழுகுத்தாள் வைத்து இஸ்திரிப் பெட்டியின் லேசான சூட்டில் அமுக்கினேன். 23 இடம். அதில் இரண்டு மறுபடி எழும்பின.

உச்சிப் பலகையைத் துடைக்கும்போதுதான் கை நின்றது. பழைய அரக்குப் பாலிஷை எடுக்க ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துக்கொண்டு வந்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, துளைக்குப் பக்கத்தில் வந்ததும் சிவப்பாக வந்தது. ஏதோ சாயம் என்று நினைத்து இன்னும் இரண்டு தேய் தேய்த்தேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குங்குமம். அதன் அடியில் சந்தனம், அதன் அடியில் மறுபடி குங்குமம். நகக்கனத்துக்குப் படிந்திருந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன். “புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா ஸ்டூல் போட்டு ஏறிக் கருடனுக்கு வைப்பாள்லா, அதுதான்” என்றார், ரொம்பச் சாதாரணமாக. நான் மூன்றில் ஒரு பங்கைத் துடைத்துத் தள்ளியிருந்தேன். மிச்சத்தைத் தொடவில்லை. இப்போதும் அது அப்படியேதான் இருக்கிறது, மேலே ஒரு பூச்சு அரக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன்.

அந்த இடத்தில் நான் நிதானித்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் இருக்கிற ஒவ்வொன்றும் யாரோ ஏதோ அர்த்தத்தோடு வைத்தது, யாரோ ஏதோ அர்த்தத்தில் பார்த்தது; அதைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது. இது அன்றைக்குப் புரிந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகும் மூன்று இடத்தில் படிக்காமல் கை வைத்தேன்.

முதலாவது, முகப்பு. நடுவில் புடைப்பு வேலை செய்த பித்தளைத் தட்டு, திராட்சைக் கொடியும் குலையும். அதைச் சுற்றித் துத்தநாக வளையம், வளையத்தின்மேல் ஒட்டிய தாளில் ரோமன் எண்கள். வெளி விட்டம் 152 மில்லிமீட்டர், உள் விட்டம் 92. தாளில் மிஞ்சியது நகமளவுத் துண்டுகள் மூன்று. அளவெடுத்துக்கொண்டு போய் ஒரு பிரிண்டிங் கடையில் சொன்னேன். டிசைன் போடும் தம்பி பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தான். 40 ரூபாய். ஒட்டி, முள்ளை மாட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ சரியில்லை. வீட்டுச் சுவரில் மூன்று வாரம் அப்படியே சாய்த்து வைத்திருந்தேன்.

ஜங்ஷன் பெரியவர்தான் பார்த்தவுடன் சொன்னார். “தம்பி, நாலு தப்பா இருக்கு.” எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி, ஐந்துக்கு இடப்பக்கம் ஒரு கோடு போட்டிருந்தது, அதுதானே நாலு? அவர் எழுந்து போய் மேல்தட்டிலிருந்து பழைய முகப்புத் தகடு ஆறேழு எடுத்து மேசையில் பரப்பினார். அத்தனையிலும் நாலு மணிக்கு நாலு தனிக் கோடுகள். லண்டன் பிக் பென் மாதிரி சில கடிகாரங்கள்தான் ஐந்துக்கு முன் கோடு போட்டவை. பழைய சுவர்க் கடிகாரங்களில் நாலு கோடுதான் வழக்கம். காரணமாகப் பல கதைகள் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரிகிற காரணம். நேர் எதிரே எட்டு மணி, நாலு எழுத்து சேர்ந்த கனமான எண். இந்தப் பக்கமும் நாலு கோடு இருந்தால்தான் தராசு மாதிரி சமமாக நிற்கும். இன்னொன்றும் பெரியவர் விரல் வைத்துக் காட்டினார். ஒன்று முதல் நாலு வரை வெறும் கோடு மட்டும். ஐந்து முதல் எட்டு வரை ‘வி’ வரும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ‘எக்ஸ்’ வரும். வட்டம் மூன்று சமத் துண்டாகிவிடுகிறது. மொத்தம் 20 கோடு, 4 ‘வி’, 4 ‘எக்ஸ்’. நான் வீட்டுக்கு வந்து இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஐந்துக்கு முன் ஒரு கோடு போட்டவுடன் இந்தக் கணக்கு முழுவதும் உடைந்துபோகிறது. என் கண்ணுக்கு உறுத்தியது அதுதான்.

நாலைத் திருத்தி இரண்டாவது முறை அடித்தேன். அதுவும் வீண். எண்கள் எல்லாம் நேராக நின்றன. பழைய தகட்டில் எண்களின் கால் நடுப்புள்ளியைப் பார்த்து இருக்கும், ஆறு மணி நமக்குத் தலைகீழாகத் தெரியும். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. தாளும் மாற்றினேன். பளபள ஸ்டிக்கர் வேண்டாம், பொய்ப்பல் மாதிரி வெள்ளையாக இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற மங்கலான தந்த நிறத் தாள், மேலே நீர்த்த அரக்கு ஒரு பூச்சு.

இரண்டாவது, பெண்டுலம். இதை நினைத்தால் இன்னும் வருத்தம்தான். மேல்பாதியில் யாழ் வடிவம், அதற்குக் கீழே ஐந்து கம்பிகள் வரிசையாக, அடியில் வட்டத் தட்டு. எல்லாம் கறுத்துப் பச்சை பூத்திருந்தது. புளி போட்டுக் கழுவி, அதற்கும் போகாத கறைக்கு 800 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு மணி நேரத் தேய்ப்பில் ஐந்து கம்பியும் தங்கம் மாதிரி ஜொலித்தன. பெருமையாகப் போட்டோ எடுத்தேன். பழைய போட்டோவோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. மழைக்கு முன் எடுத்த படத்தில் கம்பிகள் மஞ்சள், வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள். இரண்டு கம்பிக்கு இருந்த நிக்கல் முலாமை நான் சுரண்டி எடுத்துவிட்டேன்.

அந்த வெள்ளை அழகுக்கு வைத்தது என்றாலும், வெறும் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. இரும்புக் கம்பிப் பெண்டுலம் ஒரு டிகிரி சூடு கூடினால் நாளொன்றுக்கு அரை நொடி போலப் பின்தங்கும். 1720-களில் இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்ற தச்சர்–கடிகாரக்காரர், இரும்பும் பித்தளையும் மாற்றி மாற்றி வைத்து ஒன்றின் நீட்சியை இன்னொன்று சரிக்கட்டும்படி ஒரு பெண்டுலம் செய்தார். அடுப்புச் சட்டம் மாதிரி இருக்கும், ஒன்பது கம்பி. அதிலிருந்து, மஞ்சளும் வெள்ளையுமாகக் கம்பி வரிசை தெரிந்தாலே ‘இது துல்லியமான கடிகாரம்’ என்று அர்த்தமாகிவிட்டது. எங்கள் கடிகாரத்தில் ஐந்தும் பித்தளைதான், எதையும் சரிக்கட்டாது. ஹாரிசன் பெண்டுலத்தின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரும்புக்கு அடையாளமாக வெள்ளை முலாம் பூசியிருக்கிறார்கள். அந்த அடையாளத்தைத்தான் நான் தேய்த்து அழித்தது. மோட்டார் சைக்கிள் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் இரண்டு கம்பிக்கும் நிக்கல் போட்டேன், 450 ரூபாய். புதுசு கொஞ்சம் கூடுதலாகவே மின்னுகிறது. காலம் அதை அடக்கும்.

யாழைப் பற்றியும் ஒரு சொல். கிரேக்கர்களின் அப்பல்லோ கையில் வைத்திருக்கும் இசைக்கருவி அது. அப்பல்லோவைச் சூரியனோடு சேர்த்துச் சொல்வார்கள். பகலை அளக்கும் பொருளில் சூரியனின் யாழைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அத்தை அதை வீணை என்கிறாள். பெரிய பிசகில்லை.

தட்டில் அழுத்திய ‘ஆர்’, ‘ஏ’ எழுத்துகளையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எல்லோரும் அதைக் கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். பழைய சாமான் கடைகளில்கூட ‘ஆர்.ஏ. கடிகாரம்’ என்று விலை சொல்கிறார்கள். பிரெஞ்சில் பின்தங்கச் செய், முந்தச் செய் என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்து. அடியிலுள்ள திருகை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்ற குறிப்பு, அவ்வளவுதான்.

மூலைக் குமிழ்கள் மட்டும் தப்பில்லாமல் அமைந்தன. மாமா அவற்றைக் கலசம் என்பார். பூர்ண கும்பம் மாதிரி சொம்பு வடிவத்தில் மூன்று செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் எண்ணம். நல்ல வேளையாக, மிஞ்சிய ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். சொப்புச் சாமான் கடைகிற கைகளைவிட இதற்கு நல்ல கை எங்கே கிடைக்கும்? கடைசல் பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கலசம் இல்ல அண்ணாச்சி. கொட்டைப்பாக்கு மாதிரில்லா இருக்கு. தொப்பி போட்ட கொட்டைப்பாக்கு.” சரியாகச் சொன்னார். ஓக் மரத்தின் கொட்டை அது. மேல்பாதியைச் செதில் செதிலான கிண்ணம் மூடியிருக்கும். ஜெர்மானியர்களுக்கு ஓக் என்றால் உறுதி, நீண்ட ஆயுள். நம் பக்கத்தில் அந்த மரமே கண்ணில் படாது. மரத்தைப் பார்க்காத ஊரில் அதன் கொட்டையைக் கலசமாகப் பார்த்ததில் என்ன குற்றம்?

உயரம் 62 மில்லிமீட்டர், அகலமான இடத்தில் 27, அடியில் 8 மில்லிமீட்டர் முளை. மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்தார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்கிறது. கறுப்பு அரக்கு போடச் சொன்னேன். கிண்ணத்தின் செதிலைக் கடைசலில் கொண்டுவர முடியாது. அதை வீட்டில் முக்கோண அரத்தால் நானே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். முதல் குமிழுக்கு நாலு மணி நேரம், மூன்றாவதற்கு ஒன்றேகால்.

இனி பறவை.

கருடன் என்று மாமா சொன்னார். சந்தனம் குங்குமம் சாட்சி இருந்தது. ஊரோ தென்திருப்பேரை. நவதிருப்பதியில் ஒன்று, வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பெருமாளும் ஒன்பது கருட வாகனத்தில் வரும்போது போய் நிற்காத குடும்பம் கிடையாது. எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. கோயில் வாகனம் செய்யும் ஒரு தச்சரிடம் போனேன். அவர் குமிழ் மரத்தில் செய்தார். மண்டியிட்டு, கைகூப்பி, வளைந்த மூக்கோடு, கிரீடத்தோடு, பின்னால் மடிந்த சிறகோடு. 21 சென்டிமீட்டர் உயரம். அந்த மூக்கும் கண்ணும் கைவிரலும் அவ்வளவு உயிரோடு இருந்தன. 4,200 ரூபாய் கொடுத்தேன், கூடக் கொடுத்திருக்கலாம்.

உச்சித் துளையில் வைத்தேன். துளை 9.5 மில்லிமீட்டர் விட்டம், 28 ஆழம். கருடாழ்வார் 640 கிராம். உச்சிப் பலகை பெட்டியின் மேல் வெறும் காடியில் உட்கார்ந்திருப்பது. பாரத்தில் முன்பக்கமாகச் சாய்ந்து காடியை விட்டுத் தூக்கியது. பின்னால் கம்பி கட்டிப் பார்த்தேன். நின்றது. ஆனால் முழுப் பெட்டியையும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், சின்ன மண்டபத்தின்மேல் பெரிய வாகனத்தை ஏற்றிய மாதிரி இருந்தது. கீழே தூண், ஓக் கொட்டை, சிங்க முகம் எல்லாம் ஒரு பாஷை பேச, உச்சியில் வேறு பாஷை. இருந்தாலும் மாமா கேட்டது கருடன்தானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதம்தான் தூத்துக்குடியில் சின்ன ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலிருந்து அவள் கல்யாணப் போட்டோ வந்தது. 1958. மாமா வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) எடுத்தது. திறந்த கதவு வழியாக உள்ளே பட்டாசாலைச் சுவர், சுவரில் கடிகாரம், அதன் உச்சியில் பறவை. கலங்கல்தான், ஆனால் தெளிவான கலங்கல். விரித்த சிறகு. நின்ற கோலம். கையில்லை, கிரீடமில்லை. தலை நமக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. படம் திருப்பி அச்சானதோ என்று பெண்களின் முந்தானையைப் பார்த்தேன். எல்லாம் இடத் தோளில்தான், ஆக நேர்ப்படம்.

கழுகு. 1871-ல் ஜெர்மானியப் பேரரசு அமைந்த பிறகு அங்கே எதற்கும் கழுகு வைக்கிற காலம் வந்தது. இந்த மாதிரி தூணும் குமிழும் உச்சிக் கழுகுமாக வந்த சுவர்க் கடிகாரங்களுக்குப் ‘பெர்லின் பாணி’ என்றே பெயர். பேரரசின் சின்னத்தில் இருந்த கழுகும் நமக்கு இடப்பக்கம்தான் பார்க்கும். ஒரு ராஜ்யத்தின் அதிகாரக் குறி, கொழும்பு வழியாக வந்து, எங்கள் ஆச்சி கையால் குங்குமம் வாங்கிக்கொண்டு அறுபது வருஷத்துக்கு முன்பே உடைந்துபோயிருக்கிறது.

போட்டோவிலிருந்து அளவெடுத்தேன். பெட்டியின் அகலம் நேரில் 33 சென்டிமீட்டர், படத்தில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் 11 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர். சிறகு விரிப்பு படத்தில் 6, அப்படியென்றால் 18 சென்டிமீட்டர். உயரம் 4, அதாவது 12. அட்டையில் வெட்டி உச்சியில் செருகிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. முழுப் பெட்டியும் நிமிர்ந்து மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அதே தச்சரிடம் போனேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, “தம்பி, கருடாழ்வார்னா கைகூப்பித்தான் இருப்பாரு. இது வெறும் பறவை. இதுக்கு எப்படிக் குங்குமம் வச்சாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை. உடம்பை 45 மில்லிமீட்டர் கனக் கட்டையில் தனியாகவும், சிறகு இரண்டையும் 8 மில்லிமீட்டர் பலகையில் தனியாகவும் செதுக்கி, மூங்கில் ஆணியும் வச்சிரமும் போட்டு இணைத்தார். ஒரே கட்டையில் எடுத்திருந்தால் சிறகு நுனி நாருக்குக் குறுக்கே வந்து ஒடிந்துவிடும். பழையது ஒடிந்ததும் அதனால்தான் இருக்கும் என்றார். முதலில் இறகுகளை வாகனத்துக்குச் செய்வதுபோல அடுக்கடுக்காக வரைந்தார். வெறும் நீளக் கோடாக எளிமையாகப் போதும் என்று கேட்டுக்கொண்டேன். எடை 170 கிராம். 3,000 ரூபாய். அரக்குப் பாலிஷ் நான் போட்டேன்: 100 கிராம் அவலரக்கு, 600 மில்லி ஸ்பிரிட், பருத்தித்துணிப் பந்தால் ஒன்பது பூச்சு, பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். கைகூப்பிய கருடாழ்வாரை ஒரு பக்கமும் கழுகை ஒரு பக்கமும் வைத்து, போட்டோவையும் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். மாமா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கழுகைக் கையில் எடுத்தார். “இதுதான். இதேதான் கருடன்.”

“மாமா, இது ஜெர்மன்காரன் கழுகு. கருடனுக்குக் கை இருக்கணும்லா?”

“ஏ மருமவனே, தோப்புக்கு மேல வட்டம் போடுதுல்லா, அண்ணாந்து பாத்துக் கன்னத்துல போட்டுக்கிடுதோமே, அந்தக் கருடனுக்குக் கையா இருக்கு?”

எனக்கு வாயடைத்துப் போனது. ஆச்சி ஏறி நின்று பொட்டு வைத்தது அந்தக் கருடனுக்கு. கோயில் வாகனத்தை மட்டும் மனசில் வைத்து அலைந்தவன் நான்தான்.

கருடாழ்வார் இப்போது மாமா வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறார்.

மாட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணி வேண்டாம் என்று சுவரில் நாலங்குலம் துளைத்து மரக்கட்டை இறக்கித் திருகு போட்டோம். பெட்டி செங்குத்தாக நின்றால் மட்டும் போதாது, ‘டிக்’கும் ‘டக்’கும் சம இடைவெளியில் கேட்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அடியை இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் நகர்த்தியதும் சமமானது. முதல் நாள் 9 நிமிஷம் பின்தங்கியது. அடித்திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் நாளுக்கு ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று மேலே மாறுகிறது. ஐந்தேகால் சுற்றில் நேருக்கு வந்தது. மணி ஒன்று கூடுதலாக அடித்ததற்குக் காரணம், எத்தனை அடிக்க வேண்டும் என்று கணக்கு வைக்கும் எண்ணிக்கைச் சக்கரம் முள்ளுக்கு முந்திப் போயிருந்தது. எண்ணிக்கைச் சக்கரத்தின் நெம்பைக் கம்பியால் லேசாகத் தூக்கித் தூக்கி அடிக்க விட்டு, முள்ளோடு ஒத்துப்போகும் வரை கொண்டுவந்தேன்.

செலவு: எந்திரம் சுத்தம் செய்து பெண்டுலத் தொங்குதகடு மாற்றியது 2,100, கண்ணாடி 180, வச்சிரம், அரக்கு, ஸ்பிரிட், உப்புத்தாள் 1,150, தாள் மூன்று முறை 120, முலாம் 450, குமிழ் மூன்று 600, முதல் கருடன் 4,200, கழுகு 3,000. ஆக 11,800 ரூபாய். இதில் முலாமும் வீணான இரண்டு தாளும் சேர்த்து 530 ரூபாய் என் அவசரத்துக்குக் கொடுத்தது. கருடாழ்வாருக்குக் கொடுத்ததை வீண் கணக்கில் எழுத மனசு வரவில்லை.

அடுத்த முறை ஒரு பழைய கடிகாரம் கையில் வந்தால், துணி நனைக்கும் முன்பே எல்லாப் பக்கமும் போட்டோ எடுப்பேன், மேல்விளிம்பும் பெண்டுலமும் தனித்தனியாக. சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களை முதல் மாதமே கேட்டு வாங்குவேன். நிறம் மாறுகிற இடத்தில் உப்புத்தாளை எடுக்கவே மாட்டேன். வெயிலில் எதையும் வைக்க மாட்டேன்.

வேலை இன்னும் ஒன்று பாக்கி. பெட்டியின் அடியில் இரண்டு ஓரத்திலும் பித்தளைச் சிங்க முகம், வாயில் வளையம். கோட்டை வாசல் கதவுகளில் காவலுக்கு வைப்பார்களே, அந்தச் சிங்கம். பிள்ளைகளுக்கு அது யாளி. இடப்பக்கத்து யாளியின் வளையம் சகதியோடு போய்விட்டது. உள்விட்டம் 14 மில்லிமீட்டர், கம்பி இரண்டு மில்லிமீட்டர். டவுனில் பாத்திரக் கடைகள் இரண்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.